கல்லைத் தேடியவர் கண்ட கலைவழி

கித்துல்கலையைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் எமது வாலிபர்களை நோக்கி, "என்ன வேலை செய்கிறாய், தம்பி?" என்று கேட்டால், விடை வருமுன் ஒரு பெருமூச்சு வருகிறது. தோட்டத்தில் பேர் பதிந்து பால் வெட்டப் போகிறவனிடமும் அப்பெருமூச்சு உண்டு. கொழும்புக் கடையிலே சிப்பந்தியாக நிற்பவனிடமும், களனி கங்கையில் உல்லாசப் பிரயாணிகளைப் படகேற்றிச் செல்பவனிடமும் அது உண்டு. படித்து உத்தியோகம் பெற்றோரும் அதற்கு விலக்கல்லர். பெரியோர் சிலர் இதனைச் சோம்பல் என்பர். சிலர் நன்றி மறந்த குணம் என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. இந்தப் பெருமூச்சுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தின் ஒரு பகுதி நிகழ்ந்த இடமும் எமது சப்பிரகமுவ மாகாணமே.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்னும் பெயரை அறியாத சைவ வாலிபர் இருத்தல் அரிது. தில்லைக் கூத்தனின் தத்துவத்தை மேனாட்டார்க்கு விளக்கிய அப்பெரியார், தொடக்கத்தில் கலைஞரல்லர். கல்லை ஆராய்ந்த விஞ்ஞானி என்பதைப் பலர் அறியார். 1877ஆம் ஆண்டில் கொழும்பிற் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, இலண்டனிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்றவர் அவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாராய்ச்சிப் பகுதியின் முதற்றலைவராக விளங்கினார். 1904ஆம் ஆண்டில், பலாங்கொடைப் பக்கத்து இரத்தினக் கற்படைகளிற் கிடைத்த கரிய, கனத்த கனிப்பொருளொன்று அவருடைய ஆராய்ச்சிக்கு வந்தது. அது கதிர்த்தொழிற்பாடுடைய தோரியத்தை மிகுதியாகக் கொண்டது. தோரியனைற்று என்று பின்னர் பெயர் பெற்று உலகப் புகழடைந்த கனிப்பொருள் அதுவே. பதவியும் புகழும் இருபத்தேழு வயதிலேயே கைகூடின. இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன வேண்டும் என்று உலகம் கேட்கும்.

ஆயினும் கற்களைத் தேடிக் கிராமங்கள் தோறும் சென்ற அவருடைய கண், கற்களோடு நிற்கவில்லை. தச்சரையும் கொல்லரையும் நெசவாளரையும் கண்டார். தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறன் அழிவதைக் கண்டார். உள்ளம் அங்கே சென்றது. 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவரானார். 1906இல் அரசாங்கப் பதவியை விட்டு நீங்கினார். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1917இல் அமெரிக்காவின் பொஸ்தன் நகரக் கலைக்கூடத்திற் சேர்ந்து, 1947இல் மறையும் வரை முப்பதாண்டுகள் அங்கேயே பணி புரிந்தார்.

இங்கே வாலிபர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் ஒரு நாட் கோபத்தில் உத்தியோகத்தை உதறவில்லை. செய்த தொழிலைச் செவ்வனே செய்து டாக்டர் பட்டமும் பெற்றார். பதவியில் இருக்கும்போதே அடுத்த வழிக்கு அடிகோலினார். அதன் பின்னரே பழைய வழியை விட்டார்.

இனி, நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். குமாரசுவாமி பதவியை விட்ட அதே 1906ஆம் ஆண்டில், இதே மலைகளில் எமது பாட்டன் பூட்டன்மார் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குத் தம் விருப்பப்படி போக முடியாதிருந்தனர். அவர்களைக் கட்டி வைத்தது இரும்புச் சங்கிலியன்று. ஒரு காகிதத் துண்டு. கங்காணிக்குத் தொழிலாளி பட்ட கடன் அத்துண்டில் எழுதப்பட்டிருக்கும். அக்கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கே அவன் போகலாம். போன இடத்திலும் கடன் அவன் தலைமேலேயே இருக்கும். முன்னறிவித்தலின்றி வேலையை விட்டவனைச் சிறைக்கு அனுப்ப 1865ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுத்தது. துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிந்தது. பின்னர் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கி, அரசாங்க உத்தியோகக் கதவையும் அடைத்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல். பிரஜாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் முக்கிய சட்டமொன்று வந்தது 2003இல்.

ஆகவே, "எந்தத் தொழிலைத் தெரிவது?" என்னும் கேள்வி எமது குடும்பங்கள் பலவற்றில் இந்தத் தலைமுறையிலேதான் முதன்முறையாக எழுந்திருக்கிறது. தந்தைக்கு அக்கேள்வியே இல்லை. ஆதலால் மகனுடைய கலக்கம் தந்தைக்கு விளங்குவதில்லை. "நாங்கள் பட்ட கஷ்டத்தில் அரைவாசி நீ பட்டாயா?" என்று அவர் கேட்கிறார். மகன் மௌனமாகிறான். அந்த மௌனத்திலேதான் நோய் பிறக்கிறது.

குமாரசுவாமியின் கருத்தொன்றிலிருந்து நாம் பணிவுடன் வேறுபடவும் வேண்டியிருக்கிறது. குலவழி வந்த தொழிலை அவர் பெரிதும் போற்றினார். ஆனால் வழக்கறிஞராகிய சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகிய அவரோ, தந்தையின் தொழிலைப் பின்பற்றவில்லை. சுதர்மம் என்பது பிறந்த லயத்தைக் கொண்டு அளக்கப்படுவதாயின், எமது பிள்ளைகளுக்குக் கூடையும் பால் வெட்டும் கத்தியுமே கதியாகும். தன் இயல்பை அறிந்து, அதற்கேற்ற கடமையை ஏற்பதே சுதர்மம் என்று நாம் கொள்வோம். கொழுந்து பறிப்பதை விரும்பிச் செய்பவருக்கு அதுவும் மதிப்புள்ள தொழிலே. வேறு வழியின்றிச் செய்பவருக்கு அது பாரம்.

வேலைப் பளுவால் உள்ளம் சோர்ந்து, வெறுப்புற்று, திறன் குன்றும் நிலையை உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல், நோயென்று கூறாது, தொழில்வழித் தோன்றும் நிலையென்றே வகுத்தது. அப்படிச் சோர்ந்தவனைக் கோழையென்று ஏசுதல் தகாது. ஆனால் அச்சோர்வைக் கவனியாது விட்டால் அது பெருந்துன்பத்துக்கு இட்டுச் செல்லும். உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, காரணமற்ற கோபம், கசிப்பை நாடுதல், வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு ஆகியவற்றைக் கண்டால் கோயிற் பூசையோடு நின்றுவிடாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரி வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியிற் பேசலாம்.

வாலிப அன்பர்களே! வேலையை விட எண்ணினால், கோபம் தணிந்த பின் எண்ணுங்கள். குமாரசுவாமிக்குக் குடும்பச் செல்வம் துணையிருந்தது. எமக்கு அது இல்லை. ஆகவே அடுத்த படியிற் கால் ஊன்றிய பின்னரே முதற்படியை விடுங்கள். பெரியோர்களே! மகன் பெருமூச்சு விடும்போது உங்கள் கஷ்டத்தைச் சொல்லுமுன் அவன் கஷ்டத்தைக் கேளுங்கள். அன்று எம் முன்னோரைக் கட்டிய துண்டு இன்று இல்லை. "ஊர் என்ன சொல்லும்" என்னும் அச்சத்தை இன்னொரு துண்டாக எழுதி, எம் பிள்ளைகள் கையில் நாமே கொடாதிருப்போமாக.