ரோஜா முள்ளும் பெருங்குடலும்

1882ஆம் வருஷம் டிசம்பர் மாதம். ஸிஸிலித் தீவில் மெஸ்ஸினா என்ற துறைமுகப் பட்டணம். ருஷ்யாவிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு குடும்பத்தார் சர்க்கஸில் குரங்கு வித்தை பார்க்கப் புறப்பட்டுப் போனார்கள். வீட்டிலேயே தங்கிவிட்டவர் ஒருவர்தான். அவர் பெயர் இலியா மெச்னிகோவ், வயது முப்பத்தேழு. ஒடெஸ்ஸா சர்வகலாசாலையில் பிராணி சாஸ்திரப் பேராசிரியர் பதவியை அந்த வருஷந்தான் உதறிவிட்டு வந்திருந்தார். சட்டென்று கொதிப்பார், சோர்ந்தால் அதல பாதாளத்துக்கே போய்விடுவார். அன்று ஏனோ உற்சாகமாக இருந்தார்.

மைக்ராஸ்கோப்பின் கீழே நட்சத்திர மீனின் குஞ்சு ஒன்று கிடந்தது. கண்ணாடி போன்ற உடம்பு. உள்ளே சில உயிரணுக்கள் தாமாகவே ஊர்ந்து கொண்டிருந்தன. இவை ஒருவேளை காவல்காரர்களோ என்று அவருக்குத் தோன்றிற்று. காவல்காரர்கள் என்றால், அந்நியப் பொருள் ஒன்று உள்ளே புகுந்தால் ஓடிவந்து சூழ்ந்துகொள்ள வேண்டும் அல்லவா? தோட்டத்துக்கு ஓடினார். ரோஜா முட்கள் சிலவற்றைப் பறித்து வந்து, குஞ்சுகளின் தோலுக்கடியில் செருகினார். இரவெல்லாம் தூக்கம் இல்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றித் திருவிழாக் கூட்டம் போல உயிரணுக்கள் மொய்த்துக் கிடந்தன!

அந்தக் காலத்து வைத்தியர்கள் பலர் நினைத்தது இதற்கு நேர் விரோதம். ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கிருமிகளைச் சுமந்துகொண்டு உடம்பெங்கும் பரப்புகின்றன என்றே அவர்கள் கருதினார்கள். போலீஸ்காரனைத் திருடனுக்குக் கூட்டாளி என்று சொன்ன மாதிரி. அடுத்த வருஷம் ஜெர்மனியின் மகா பண்டிதர் ருடால்ஃப் விர்ஹோ மெஸ்ஸினாவுக்கு வந்தார். மெச்னிகோவ் காட்டியதைப் பார்த்து ஊக்கம் தந்தார். ஜாக்கிரதையாக அடி எடுத்து வைக்கும்படி எச்சரிக்கவும் செய்தார்.

இந்த விர்ஹோ இருபது வருஷங்களுக்கு முன்பே, 1863இல், இன்னொன்றைச் சொல்லியிருந்தார். புற்றுக்கட்டிகளுக்குள் வெள்ளை அணுக்கள் நிறைந்திருப்பதைக் கண்டு, நாட்பட்ட அழற்சி உள்ள இடத்தில்தான் புற்று தோன்றுகிறது என்று ஊகித்தார். கட்டியைப் பற்றி அறிந்தவரும் காவலைப் பற்றி அறிந்தவரும் ஒரே அறையில் நின்றார்கள். அந்த இரண்டு சங்கதிகளும் ஒன்றுசேர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆக வேண்டியிருந்தது.

'விழுங்கும் அணு' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை அந்தக் காவலர்களுக்கு வியன்னாவில் ஒரு பேராசிரியர் எடுத்துக் கொடுத்தார். அவற்றில் பெரிய ஜாதிக்கு மாக்ரோபேஜ் என்று பெயர்; நாம் பெருவிழுங்கி என்று சொல்லலாம். 1888இல் மெச்னிகோவ் பாரிஸில் பாஸ்டர் நிலையத்தில் சேர்ந்தார். 1908இல் நோபல் பரிசு கிடைத்தது. எதிர்க்கட்சியைச் சேர்ந்த பால் எர்லிக்கோடு பாதிப் பாதியாக.

இங்கேதான் கதை விசித்திரமாகத் திரும்புகிறது. வயது ஏற ஏற, தாம் கண்டுபிடித்த காவல்காரர்கள் பேரிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தலைமயிர் நரைப்பது பெருவிழுங்கிகள் அதன் நிறத்தைத் தின்றுவிடுவதால்தான் என்றார். மூளையின் அணுக்களையும் அவையே தின்கின்றனவாம். நல்ல சேவகர்களை இப்படிக் கெடுத்தது யார்? பெருங்குடல் என்றார். அங்கே அழுகும் பொருளின் விஷம் உடம்பில் ஊறி, கிழத்தனத்தைக் கொண்டுவருகிறதாம். 1903இல் வெளியான புத்தகத்தில் பெருங்குடல் மனிதனுக்கு அநாவசியம் என்றே வாதாடினார். பரிகாரமாக அவர் கண்டது பல்கேரிய நாட்டுப் புளித்த பால். தயிர்சாதத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது. ஆனால் லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற பெயர்பெற்ற சர்ஜன் தயிரோடு நிற்கவில்லை. மலச்சிக்கல்காரர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். ஒரு தத்துவம் கத்தி ஏந்தியவன் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நரை விஷயத்தில் மெச்னிகோவ் சொன்னது நிற்கவில்லை. ஆனால் காவல்காரனாலும் கெடுதல் வரும், பெருங்குடலைக் கவனி என்ற அந்த இரண்டு சந்தேகங்களும் வீண்போகவில்லை.

பெருங்குடல் ஏறக்குறைய ஐந்தடி நீளம். உள்ளே கோடானுகோடி பாக்டீரியா. அவற்றுக்கும் நமக்கும் நடுவே இருப்பது ஓர் அணு கனமுள்ள சுவர். சுவருக்குப் பின்னால் பெருவிழுங்கிகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. அவற்றின் பெரிய குணம் பொறுமை. வழி தவறி வந்த கிருமியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும். காயம் பட்டால் மட்டும் காரியம் வேறு. முதலில் நியூட்ரோபில் என்ற சிறு அணுக்கள் பாய்ந்து வந்து, காரமான ரசாயனங்களை வாரி இறைத்துவிட்டு மடிகின்றன. பிறகு பெருவிழுங்கிகள் பிணங்களை அப்புறப்படுத்துகின்றன. புது ரத்தக் குழாய்களை வரவழைக்கின்றன. அக்கம்பக்கத்து அணுக்களைப் பெருகச் சொல்கின்றன. காயம் ஆறியதும் கூட்டம் கலைந்துவிடும்.

கலையாவிட்டால்? பெருங்குடலில் நாட்பட்ட புண் உள்ளவர்களுக்கு வருஷக்கணக்கில் அது கலைவதில்லை. அத்தகைய ஒரு நோயாளிக்குப் புற்று வந்ததை நியூயார்க் டாக்டர்கள் கிரோனும் ரோஸன்பர்க்கும் 1925இல் எழுதி வைத்தார்கள். கிருமிக்காக இறைத்த காரம் நம்முடைய அணுக்களின் பரம்பரை எழுத்துக்களையும் அரித்துவிடுகிறது. 1986இல் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஹெரால்டு டுவோராக், புற்றுக்கட்டி என்பது ஆறாத காயம் என்று ஒரு கட்டுரையில் எழுதினார். அந்தக் கட்டுரைக்குப் பிறகு பலருக்குக் கண் திறந்தது. 1988இல் மெல்போர்ன் நகர ஆராய்ச்சியில், ஆஸ்பிரின் தின்று வந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்று குறைவாக வருவது தெரிந்தது. ஆஸ்பிரின் அழற்சியை அடக்கும் மருந்து. வயிற்றில் ரத்தம் கசியவைப்பதும் அதுவே. ஆகையால் டாக்டரைக் கேளாமல் தொடக்கூடாது.

2004இல் கலிபோர்னியாவில் மைக்கேல் கரினின் கூட்டத்தார் சுண்டெலிகளில் செய்த பரீட்சைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அழற்சியைத் தூண்டும் ஒரே விசையை அவர்கள் இரண்டு இடங்களில் தனித்தனியே அணைத்துப் பார்த்தார்கள். குடல் சுவரின் அணுக்களில் அணைத்தால் கட்டிகளின் எண்ணிக்கை மிகவும் குறைந்தது. பெருவிழுங்கி வம்சத்து அணுக்களில் அணைத்தால் கட்டிகள் பருக்கவில்லை. ஆக, கட்டிக்குச் சோறு போட்டு வளர்த்தவர்களில் காவல்காரரும் உண்டு.

இதைப் படித்த பலர் 'துரோகி' என்ற பட்டத்தைப் பெருவிழுங்கிக்குச் சூட்டிவிட்டார்கள். எனக்குச் சம்மதமில்லை. கதை எழுதுகிறவனுக்கு வில்லன் தேவைதான். ஆனால் வில்லனும் தன் கண்ணுக்கு யோக்கியனாகவே தெரிகிறான் என்பது அவனுக்குத் தெரியும். பெருவிழுங்கி தன் வேலையைத்தான் செய்கிறது. கண்ணெதிரே காயம் போன்ற ஒன்று, ஆற்ற முயல்கிறது. சில ஆராய்ச்சிகளில், கட்டியின் விளிம்பில் இவை நெருங்கி நின்றால் நோயாளி அதிக காலம் பிழைத்திருப்பதும் தெரிய வந்திருக்கிறது. எந்தக் கட்டளை காதில் விழுகிறதோ அதன்படி நடக்கிறது. புற்றணுவோ தன் மேனியில் 'என்னைத் தின்னாதே' என்று ஒரு முத்திரை குத்திக்கொண்டு நிற்கிறது. பெருவிழுங்கிகளை வரவிடாமல் தடுப்பதா, அந்த முத்திரையை மறைத்து அவற்றைப் பழையபடி விழுங்கச் செய்வதா என்று இரண்டு விதமாகவும் மருந்து தேடிப் பார்த்திருக்கிறார்கள். 2022ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் பத்தொன்பது லட்சம் பேருக்கு மேல் இந்த வியாதி கண்டது என்றால், தேடாமல் என்ன செய்வது?

மெச்னிகோவ் 1916 ஜூலையில் பாரிஸில் காலமானார். வயது எழுபத்தொன்று. பிரேத பரிசோதனை செய்யப்போகிற சிநேகிதரிடம், குடலை மட்டும் நன்றாகப் பார்க்கும்படி சாகும் தறுவாயில் சொல்லிவிட்டுப் போனார். அவரைக் கொண்டுபோனது இருதயம். அஸ்தி பாஸ்டர் நிலையத்து நூலகத்தில், புத்தகங்களுக்கு நடுவே, ஒரு கலசத்தில் இருக்கிறது.