மலை ஜீப்பின் இரும்புக் கூண்டு

ஜவ்வாது மலை ஜீப்புகளின் மேல் முதலில் வளைந்து நின்றது தார்ப்பாய்க் கம்பிதான். 1940களின் இறுதியில் மகிந்திரா கம்பெனி பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப், போருக்காக அமெரிக்காவில் உருவான வண்டி. அதற்கு இரும்புக் கூரை கிடையாது. மெல்லிய வளையங்களின் மேல் கித்தான் போர்த்தியிருக்கும். மழையிலும் வெயிலிலும் அந்தக் கித்தானைத் தாங்கி நிற்பதுதான் வளையங்களின் வேலை.

திருப்பத்தூரில் நான் வெல்டிங் பட்டறை வைத்திருந்தேன். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மலையின் மூன்று நாட்டு வண்டிகளும் வரும். சாமை மூட்டை, புளி, பலாப்பழம், அவற்றின் மேல் ஆட்கள். பின்படியில் தொற்றி வருகிறவர்களுக்குப் பிடிமானம் வேண்டுமென்று கம்பியை எடுத்துவிட்டுத் தடித்த குழாய் போடச் சொன்னார்கள். பிறகு மூட்டை கட்டக் குறுக்குக் குழாய் கேட்டார்கள். வேலைக்கேற்ப வளர்ந்த இரும்பு அது. வண்டி உருண்டால் தலையைக் காக்குமா என்று அன்றைக்கு ஒருவரும் கேட்டதில்லை.

வெளியூர் இளைஞர்கள் பழைய ஜீப்புகளை வாங்கி மாற்றி, ஏலகிரிக்கும் ஜமுனாமரத்தூருக்கும் ஏறிவர ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. 2020இல் வெளிவந்த மகிந்திராவின் புதிய 'தார்' ஜீப்பில் கம்பெனியே கூண்டு கட்டி அனுப்பியதும் ஆசை இன்னும் கூடியது. "அண்ணே, அதே மாதிரி நம்ம வண்டிக்கும் போட்டுடலாம். தண்ணிக் குழாயே போதும், கறுப்பு பெயிண்ட் அடிச்சா யாருக்குத் தெரியப்போகுது?" என்பார்கள்.

அந்தத் தண்ணிக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் பற்றவைத்து, துத்தநாகம் பூசிய குழாய் அது. தண்ணீர் கொண்டுபோகச் செய்ததை இடி வாங்கச் சொல்கிறோம். பூச்சைத் தேய்த்து எடுக்காமல் ராடு வைத்தால் துத்தநாகம் ஆவியாகிப் பற்றுக்குள் துளை துளையாக விழும். மேலே தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் புகையை இழுத்த வெல்டருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். மணல் அடைக்காமல் வளைத்த குழாயில் உள்வளைவு நசுங்கியிருக்கும். வண்டி உருளும்போது முதலில் மடங்குவது அந்த இடம். எல்லாவற்றிலும் மோசம், குழாயின் கால் ஊன்றியிருக்கும் இடம். வெறும் தரைத் தகட்டின் மேல் இரண்டு போல்ட்டில் நிறுத்திய கூண்டு, வண்டியின் எடை முழுவதும் அதன்மேல் இறங்கியதும் தகட்டைக் கிழித்துக்கொண்டு கீழே போகும். தலைக்கு மேலிருந்த குழாய் தலைக்கே வந்துவிடும்.

பந்தயக் கார்களுக்குச் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. வைத்திருக்கும் விதி வேறு மாதிரி. பிரதான வளையத்துக்கு நீளவாக்கில் பற்று இல்லாத கார்பன் எஃகுக் குழாய்: 45 மி.மீ. விட்டமென்றால் 2.5 மி.மீ. கனம், 50 மி.மீ. என்றால் 2 மி.மீ. ஒவ்வொரு காலடியிலும் 3 மி.மீ. கனத்தில், 120 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாத வலுத்தகடு, மூன்று போல்ட். தலை படக்கூடிய இடமெல்லாம் மெத்தை. அங்கே ஓட்டுகிறவர் ஹெல்மெட் போட்டு, தோளையும் இடுப்பையும் பட்டையால் இறுக்கியிருப்பார். நம் மலையில் வெறுந்தலையோடு போகிறோம். வண்டி உருளவே வேண்டாம், ஒரு பள்ளத்தில் விழுந்து குலுங்கினாலே பக்கக் குழாய் மண்டையை உடைத்துவிடும். மேலே ஏற்றிய இரும்பின் கனத்தால் வளைவுகளில் வண்டி முன்னைவிட எளிதாகச் சாயவும் செய்யும்.

முறையாகச் செய்த சட்டகம் உயிரைக் காக்கும் என்பதும் உண்மைதான். சுவீடனில் 1959இல் புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கினார்கள். காலப்போக்கில் டிராக்டர் கவிழ்ந்து சாவது அந்த நாட்டில் அரிதாகிவிட்டது. அங்கே சட்டகத்தை அடித்துச் சோதித்த பிறகே வண்டியில் ஏற்றினார்கள். நம் பட்டறைக் கூண்டை யாரும் சோதிப்பதில்லை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பு சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு.

2022 ஏப்ரல் 2. புதூர்நாட்டை அடுத்த புலியூரிலிருந்து கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப்போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலைக்காரர் ஒருவர் வந்து, பிக்கப் வண்டியின் பின்னால் குழாய்க் கூண்டு போட்டால் பயமில்லாமல் ஆள் ஏற்றலாமா என்று கேட்டார். முடியாது என்றேன். பட்டை இல்லாமல் நிற்கிறவர்களைக் கூண்டு உள்ளே பிடித்து வைக்காது. வெளியே விழுந்தவர்கள் மேல் அதே குழாய்தான் வந்து அமுக்கும். அவர் ஊருக்கு வேண்டியது நல்ல சாலையும் திருவிழா நாளில் கூடுதலாக இரண்டு பஸ்ஸும். அதற்கு மனு எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லி, அவரை உட்காரவைத்து எழுதிக் கொடுத்தேன்.