கறுப்புக் காரும் குருந்தக் கல்லும்

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஒரு மணல் திட்டு. அதன் மீது வரிசையாக மீனவர் குப்பங்கள். ஆண்டின் பெரும் பகுதி உப்புக் காற்று வீசும் இடம் இது. இங்கே ஓர் இளைஞர் பழைய கறுப்புக் கார் ஒன்றை விலைக்கு வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் வண்டியின் மீது படிந்த மணற்பொடியைத் துணியால் துடைக்கிறார். துடைத்த வண்டி நிழலில் பளபளக்கிறது. உச்சி வெயிலில் போய்ப் பார்த்தாலோ, சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் ஆயிரம் வட்டக் கோடுகள் தெரிகின்றன!

துணியை வட்டமாகச் சுழற்றித் துடைத்ததால் வந்த கோடுகள் என்றே பெரும்பாலோர் நினைப்பர். அது முழு உண்மை அன்று. வீட்டிலுள்ள எவர்சில்வர் தட்டு ஒன்றை வெயிலில் பிடித்துப் பாருங்கள். அதே வலை தோன்றும். தட்டை மெல்ல அசைத்தால் வலையும் இடம் மாறும். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. ஒவ்வொரு கீறலும் ஒரு நுண்ணிய வாய்க்கால். அது தன் நீளத்திற்குக் குறுக்காகவே ஒளியைச் சிதறச் செய்கிறது. ஆகவே சூரிய பிம்பத்தைச் சுற்றி வட்டமாக அமைந்த கீறல்களின் ஒளி மட்டுமே உங்கள் கண்ணை அடைகிறது. மற்றவை மறைந்து நிற்கின்றன. வட்டத்தை அமைப்பவை சூரியனும் உங்கள் கண்ணும்.

கீறியது எது? மணல்தான். கடல் மணலில் பெரும்பகுதி குவார்ட்சு. மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 7ஆம் இடம்; சாதாரண இரும்பு ஆணியைவிடக் கடினம். காரின் பூச்சோ ஒருவகைப் பிளாஸ்டிக். உலர்ந்த துணியில் நான்கு மணல் துகள்கள் சிக்கினால் அந்தத் துணியே உப்புத்தாள் ஆகிவிடுகிறது.

அப்படியானால் வெள்ளைக் காரில் ஏன் கீறல் தெரிவதில்லை? அங்கும் கீறல் உண்டு. பளபளப்பான பூச்சு, தன்மீது நேராக விழும் ஒளியில் சுமார் நூற்றுக்கு நான்கு பங்கைத்தான் கண்ணாடிபோல் திருப்பி அனுப்புகிறது. எஞ்சியது உள்ளே போகிறது. வெள்ளை வண்ணம் அதில் பெரும்பகுதியை எல்லாப் பக்கமும் சிதறி வெளியே அனுப்பிவிடும். அந்த வெள்ளத்தில் கீறலின் சிற்றொளி கரைந்துபோகிறது. கறுப்பு வண்ணம் உள்ளே சென்றதை விழுங்கிவிடுவதால், கீறலின் ஒளி இருட்டில் ஏற்றிய விளக்குபோல் தனித்துத் தெரிகிறது.

இதை நம் கோயில்களிலும் காணலாம். வெளிச்சுவரில் நிற்கும் கற்சிலை சாம்பல் நிறம். கருவறையில் அதே வகைக் கல்லில் செய்த மூலவர் கருமையாக மின்னுகிறார். கரடான கல்லின் மேடு பள்ளங்கள் ஒளியைச் சிதறி வெளுப்பாகக் காட்டுகின்றன. நாள்தோறும் சாத்தும் எண்ணெய் அப்பள்ளங்களை நிரப்பிவிட, கல்லின் சொந்தக் கருமை வெளிப்படுகிறது. காருக்குப் பூசும் மெழுகும் இந்த வேலையைத்தான் செய்கிறது. கீறலை அது நீக்குவதில்லை, நிரப்பி மறைக்கிறது. சில முறை கழுவியதும் கீறல் மறுபடி தலைகாட்டும். பழைய வண்டி வாங்குவோர் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது பணத்துக்கு நல்லது.

கீறலை உண்மையாகவே நீக்குவது எப்படி? இந்தக் கேள்விக்கு நியூட்டன் 1704-இல் வெளியிட்ட தம் ஒளியியல் நூலிலேயே விடை சொல்லியிருக்கிறார். தொலைநோக்கிக்கான உலோக ஆடியைத் தம் கையாலேயே தேய்த்து மெருகிட்டவர் அவர். மெருகிடுவதால் கீறல்கள் ஒழிந்துவிடுவதில்லை. பெரிய கீறல்களைத் தேய்த்துத் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை ஆக்குகிறோம், அவ்வளவே என்பது அவர் கருத்து. இன்றைய மொழியில் சொன்னால், மேடு பள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியனவாக வேண்டும். கட்புலனாகும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கீறலை நீக்கவும் கீறத்தான் வேண்டும்! ஆனால் ஒழுங்காக, சிறிதாக. அதற்குக் கடினமான பொடி வேண்டும். இங்கேதான் நம் ஊர்க் கல் ஒன்று கதைக்குள் வருகிறது.

நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் குருந்தக் கல் கிடைக்கிறது. வேதியியல்படி இது அலுமினியம் ஆக்சைடு. மாணிக்கமும் நீலமும் இதன் நிறம் கலந்த தூய படிகங்களே. கடினத்தில் 9ஆம் இடம். இதற்கு மேலே அந்த அளவில் வைரம் ஒன்றுதான். நம் நாட்டு மணிக்கல் தொழிலாளர் இதைப் பொடித்து, அரக்கோடு சேர்த்து உருக்கிச் சாணைச் சக்கரம் செய்தனர். இந்தியாவிலிருந்து சென்ற இக்கல்லைப் பற்றி 1798-இல் சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் இலண்டன் இராயல் சங்கத்தின் ஏட்டில் விரிவாக எழுதினார். குருந்தம் என்ற நம் சொல்லே ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ ஆயிற்று. 1891-இல் அமெரிக்கர் அச்சிசன், மின் உலையில் புதிய கடினப் பொருள் ஒன்றைப் படைத்தார். அது கரியும் குருந்தமும் சேர்ந்தது என்று தவறாக எண்ணி ‘கார்பொரண்டம்’ எனப் பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. தவறு திருந்திய பின்னும் பெயர் நிலைத்துவிட்டது. சாணைச் சக்கரமும் உப்புத்தாளும் செய்யும் கார்பொரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதற்குத் திருவொற்றியூரில் ஆலை உண்டு. தமிழ்ச் சொல் அமெரிக்கா போய், உருமாறி, பழவேற்காட்டுக்குத் தெற்கே அதே கடற்கரைக்குத் திரும்பி வந்தது எனலாம்.

திருவொற்றியூருக்குச் சற்று வடக்கே எண்ணூர். அங்கே 1949-இல் அசோக் மோட்டார்ஸ் ஆலையில் ஆஸ்டின் ஏ-40 கார்கள் பூட்டப்பட்டன. அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே கார்ப் பூச்சில் பெரிய மாறுதல் நிகழ்ந்துவிட்டது. தொடக்க காலத்தில் வார்னிஷ் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆயிற்று. 1920-களில் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் நைட்ரோ செல்லுலோஸ் பூச்சு வந்தது. சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால் காய்ந்ததும் மங்கலாக இருக்கும், தேய்த்தால்தான் ஒளிரும். அன்று முதல் மெருகுப் பசை கார்த் தொழிலின் பிரிக்க முடியாத அங்கமாயிற்று.

தேய்க்கும்போது நடப்பது என்ன என்பதில் இயற்பியலாளர்கள் நெடுநாள் வாதிட்டனர். 1901-இல் இராலே பிரபு மெருகைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். கண்ணாடியில் மெருகு முதலில் மேடுகளின் உச்சியில் சிறு திட்டுகளாகத் தோன்றிப் பரவுகிறது. அத்திட்டுகள் தொடக்கத்திலேயே முழு மெருகு பெற்றிருக்கின்றன என்று கண்டார். பொருள் மிக நுண்ணிய அளவில் அகற்றப்படுகிறது என்பது அவர் முடிவு. பீல்பி என்ற மற்றொருவரோ, மேற்பரப்பு திரவம்போல் வழிந்து கீறலை மூடுகிறது என்றார். 1937-இல் பவுடனும் ஹியூஸும் செய்த சோதனை சுவையானது. நாம் பூசைக்கு ஏற்றும் சூடம் எவ்வளவு மென்மையானது! அதைக் கொண்டு, தன்னைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் உட் உலோகத்தை மெருகிட முடிந்தது. தன்னைவிட அதிக வெப்பத்தில் உருகும் உலோகங்களிடம் அது பலிக்கவில்லை. உராய்வுச் சூட்டுக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தது. கார்ப் பூச்சில் பசை செய்வது பெரும்பாலும் வெட்டும் வேலையே. ஆனால் சுழலும் இயந்திரத்தை ஓரிடத்தில் அழுத்திப் பிடித்தால் பூச்சு இளகிப்போவதும், விளிம்புகளில் கருகுவதும் உராய்வுச் சூட்டின் விளைவே.

இன்றைய காரில் இரும்புத் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அடிப்பூச்சு, கறுப்பு வண்ணம், அதற்கும் மேலே நிறமற்ற தெளிபூச்சு என்று அடுக்கடுக்காக உள்ளன. தெளிபூச்சின் கனம் சுமார் 40 மைக்ரான். தலைமயிரின் கனத்தில் பாதியளவுதான். நீங்கள் வெயிலில் கண்ட வலை இதில்தான் இருக்கிறது. ஒரு கீறல் 2 மைக்ரான் ஆழம் என்றால், அதைச் சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் 2 மைக்ரான் தேய்த்து இறக்கினால்தான் கீறல் மறையும். அலுமினியம் ஆக்சைடு கலந்த பசை செய்வது இதையே. தேய்த்தது தேய்ந்ததுதான், திரும்ப வளராது. தெளிபூச்சில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள்களும் உண்டு. அது மெலிந்தால் வெயில் கீழடுக்குகளைத் தாக்கும்; பூச்சு வெளுத்து உரியும். பழவேற்காட்டின் உப்புக் காற்றுக்கு உரிந்த இடமே வாசல். வாடகை வண்டியின் ஆயுள் அத்தோடு குறையும்.

எனவே நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காத கீறலைப் பசையால் நீக்கலாம். நகம் தடுக்கும் கீறலைத் தேய்த்து நீக்க முயல்வது தெளிபூச்சைத் துளைப்பதில் முடியும். அதை விட்டுவிடுவதே மேல். பழைய வண்டிக்கு முந்தைய உரிமையாளர் எத்தனை முறை மெருகிட்டாரோ, அதற்குக் கணக்கேடு கிடையாது. பூச்சின் மொத்தக் கனத்தை அளக்கும் சிறு கருவி உண்டு. மெருகிடும் கடைகள் சிலவற்றில் வைத்திருக்கிறார்கள். அளந்து பார்க்காமல் இயந்திரத்தை எடுப்பவரிடம் கறுப்பு வண்டியை ஒப்படைக்க வேண்டாம். காலையில் துணியை எடுக்குமுன் ஒரு வாளி நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றி மணலை ஓடவிடுங்கள். ஏரித் தண்ணீர் கூடாது, அதில் உப்பு இருக்கிறது.