எல்லா இடமும் தரலாம், அந்த இடம் மட்டும் இல்லை

அமெரிக்கர்கள் ‘ஃபுட்போல்’ எண்டு சொல்லுறது எங்கட உதைபந்தாட்டத்தை இல்லை. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், பந்தோட ஓடுறவனைப் பாய்ந்து விழுத்துறது. ரக்பி பார்த்திருந்தால் அரைவாசி விளங்கும். மிச்ச அரைவாசி விளங்க ஒரு ஆளைத் தெரிந்திருந்தால் போதும்: குவாட்டர்பேக். ஒவ்வொரு தடவை ஆட்டம் தொடங்கும்போதும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். எறிவதா, பக்கத்தில் நிற்பவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா எண்டு இரண்டு மூன்று செக்கனுக்குள்ள முடிவெடுக்கவேணும். மிச்சப் பத்துப் பேரும் அவன் சொல்லுக்குத்தான் அசைவார்கள்.

இந்த இடத்துக்கு ‘மூளை’ வேணும், ‘தலைமைத்துவம்’ வேணும் எண்டு அமெரிக்காவில் நெடுகச் சொல்லுவார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பல பத்தாண்டுகளாக அந்தச் சொற்களுக்குள் இன்னொரு விசயமும் ஒளிந்திருந்தது. கறுப்பின இளைஞன் வேகமாக ஓடுவான், பலமாக மோதுவான், அவனை ஓட விடுங்கோ, ஆனால் வெள்ளைக்காரப் பெடியங்களுக்குக் கட்டளை போடுற இடத்தில் அவனை விடாதேங்கோ எண்டதுதான் அது. சாண்டி ஸ்டீவன்ஸ் இதில் மாட்டுப்பட்ட ஒருவர்.

1940இல் பிறந்தவர். ஊர் பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பிரதேசத்தில் உள்ள யூனியன்டவுன். மினசோட்டா பல்கலைக்கழகம் அவரைக் குவாட்டர்பேக்காகவே எடுத்தது. அதே ஊர்க்காரரான பில் மன்சியும், பென்சில்வேனியாவின் இன்னொரு ஊரிலிருந்து ஜட்ஜ் டிக்சனும் அதே அணிக்கு வந்தார்கள். கோச் மரே வார்மத், டென்னசியில் பிறந்த தென்மாநில வெள்ளையர். மினசோட்டாவுக்கு வரமுதல் அவர் கோச்சாக இருந்தது மிசிசிப்பி ஸ்டேட்டில். கறுப்பின மாணவர்களுக்கு அந்தக் கல்லூரிக்குள்ளயே அப்ப இடமில்லை. அப்படிப்பட்டவர் ஏன் இவர்களைத் தேடிப் போனார்? நல்ல மனசா, வெல்லவேணும் எண்ட அவசரமா? எங்களைக் கேட்டால் இரண்டும்தான். 1958இல் அவருடைய அணி ஒரே ஒரு போட்டியில் வென்றது, 1959இல் இரண்டில். ஆட்கள் அவர் வீட்டு முற்றத்தில் குப்பை கொட்டினார்கள்.

அடுத்த வருசம் எல்லாம் தலைகீழானது.

1960 நவம்பர் 5, மினியாபொலிஸ். எதிரே நிற்பது பக்கத்து மாநிலம் ஐயோவா, அந்த வாரத்தில் நாட்டின் முதலிட அணி. இந்த இரண்டு அணிக்கும் இடையிலான வெற்றிக் கிண்ணம் ஒரு வெண்கலப் பன்றி! சிரிப்பான சமாச்சாரம்தான், ஆனால் அது வந்த கதை சிரிப்பில்லை. 1934இல் ஐயோவாவின் கறுப்பின வீரர் ஒசி சிமன்சை மினசோட்டாக்காரர் திரும்பத் திரும்பக் கடுமையாகத் தாக்கினார்கள். காயத்தோட அவர் வெளியேறவேண்டி வந்தது. அடுத்த வருசம் ஐயோவாச் சனம் கொதித்துப்போய் நின்றது. அதைத் தணிக்க மினசோட்டா ஆளுநர் ஃபுளொய்ட் ஒல்சன், ஐயோவா ஆளுநரோட ஒரு பன்றியைப் பந்தயம் கட்டினார். பன்றி பிரபலமாச்சுது, ‘ஃபுளொய்ட்’ எண்டு அதுக்கு ஆளுநரின் பேரும் கிடைச்சுது. சிமன்சுக்கு நடந்தது பின்னுக்குப் போயிட்டுது.

கால் நூற்றாண்டுக்குப் பிறகு அதே பன்றிக்காக நடந்த போட்டியில் மினசோட்டாவின் குவாட்டர்பேக் ஸ்டீவன்ஸ், ஐயோவாவின் குவாட்டர்பேக் வில்பர்ன் ஹொலிஸ். இருவரும் கறுப்பினத்தவர். 27–10 எண்டு மினசோட்டா வென்றது. அந்தப் பருவ முடிவில் ஏபி, யூபிஐ வாக்கெடுப்புகள் இரண்டும் மினசோட்டாவைத் தேசிய சம்பியனாக அறிவித்தன. பிறகு கலிபோர்னியாவில் நடந்த ரோஸ் பௌல் போட்டியில் வாஷிங்டனிடம் 17–7 எண்டு தோற்றார்கள். அந்தக் காலத்தில் கடைசி வாக்கெடுப்பு அதுக்கு முதலே முடிந்துவிடும் எண்டதால் பட்டம் போகவில்லை.

1961இல் லீக்கை வென்றது ஒஹாயோ ஸ்டேட். ஆனால் அங்கத்தைய பேராசிரியர்கள், படிப்பைவிட விளையாட்டுப் பெரிசாகிட்டுது எண்டு 28க்கு 25 வாக்கால் ரோஸ் பௌல் பயணத்தை மறித்துவிட்டார்கள். அதிர்ஷ்டம் திரும்பவும் மினசோட்டாவுக்கு. இந்த முறை யூசிஎல்ஏயை 21–3 எண்டு வென்றார்கள். ஸ்டீவன்ஸ் இரண்டு டச்டவுன், மற்றது மன்சி. மூன்றுமே யூன��யன்டவுன் பெடியங்களுடையவை. ஆட்டநாயகன் ஸ்டீவன்ஸ். நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கில் நாலாவது இடம். பெரும்பாலான தெரிவாளர்கள் ஒத்துக்கொண்ட தேசிய அணியில் குவாட்டர்பேக்காக இடம்பிடித்த முதல் கறுப்பினத்தவரும் அவர்தான். அப்ப அவருக்கு வயது 21.

இதுக்குப் பிறகு நடந்ததுதான் எங்களுக்குத் தாங்கேலாமல் இருக்கு. அடுத்த படி, சம்பளத்துக்கு விளையாடுற தொழில்முறை லீக்குகள். ஏஎஃப்எல் லீக்கின் நியூயோர்க் டைட்டன்ஸ் அவரை முதல் சுற்றிலேயே தெரிவுசெய்தது. என்எஃப்எல்லின் கிளீவ்லண்ட் பிரவுண்ஸ் இரண்டாம் சுற்றில். திறமை இல்லை எண்டு ஒருவரும் சொல்லவில்லை, கவனியுங்கோ. முதல் சுற்றில் எடுக்கிறது பெரிய மரியாதை. ஆனால் குவாட்டர்பேக்காக விளையாட விட இரண்டு பக்கமும் தயாரில்லை. ஸ்டீவன்ஸ் இடத்தை மாற்ற மறுத்து, கனடாவுக்குப் போய் மொன்றியல் அணியில் சேர்ந்தார்.

அந்தப் பாதை புதிசில்லை. சிராக்கியூஸ் பல்கலைக்கழகக் குவாட்டர்பேக் பேர்னி கஸ்டிஸை 1951இல் தெரிவுசெய்ததும் இதே பிரவுண்ஸ்தான். தடுப்பாட்டக்காரராக மாறச் சொன்னார்கள். அவர் மாறாமல் கனடாவின் ஹமில்டனுக்குப் போனார், அங்கே குவாட்டர்பேக்காக விளையாடினார். 11 வருசத்தில் கிளீவ்லண்டில் ஒண்டும் மாறவில்லை.

மொன்றியலுக்குப் பிறகு ரொறொன்ரோ. பிறகு ஒரு பெரிய கார் விபத்து. தேறி வந்து கன்சாஸ் சிட்டி அணியில் சேர முயற்சித்தார், அதுவும் வேற இடத்துக்கு. சரிவரவில்லை. என்எஃப்எல்லிலோ ஏஎஃப்எல்லிலோ குவாட்டர்பேக்காக ஒரு நிமிசம்கூட அவர் விளையாடவில்லை.

ஒரு சிக்கலையும் சொல்லவேணும். மினசோட்டாவில் அவரோட விளையாடிய பொபி பெல், வட கரோலினாவில் பள்ளிக் காலத்தில் குவாட்டர்பேக். அவரை முன்வரிசைத் தடுப்பாளராக மாற்றியது இதே வார்மத்தான். பெல் அந்த இடத்தில் நாட்டின் சிறந்தவர்களில் ஒருவராகி, என்எஃப்எல்லின் ‘ஹோல் ஒஃப் ஃபேம்’ வரை போனார். இடம் மாறினால் நல்லா வரலாம் எண்டதுக்கு அவரைக் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் ஏற்கெனவே நாட்டையே வென்றுகாட்டின குவாட்டர்பேக்கிடமும் அதையே ஏன் கேட்டார்கள் எண்டதுக்கு அது பதிலாகாது.

1968இல் மார்லின் பிரிஸ்கோ டென்வரில் குவாட்டர்பேக்காக விளையாடினார். அடுத்த வருசமே பந்து பிடிக்கிற இடத்துக்கு மாற்றப்பட்டார். 1978இல் ரோஸ் பௌல் ஆட்டநாயகனான வொரன் மூனை என்எஃப்எல் அணி ஒண்டும் தெரிவுசெய்யவில்லை. அவரும் கனடாவுக்குத்தான் போனார், அங்கே தொடர்ந்து ஐந்து கிண்ணம் வென்றபிறகுதான் திரும்பினார். 1988 ஜனவரியில் டக் வில்லியம்ஸ், சூப்பர் பௌலில் தொடக்கத்திலிருந்து குவாட்டர்பேக்காக இறங்கிய முதல் கறுப்பினத்தவரானார். வென்று ஆட்டநாயகனுமானார்.

ஸ்டீவன்ஸ் 2000இல், 59 வயதில் இறந்தார். கல்லூரி ஃபுட்போலின் ஹோல் ஒஃப் ஃபேம் அவர் பேரைச் சேர்த்தது 2011இல். 2023 பெப்ரவரியில் பட்ரிக் மஹோம்ஸும் ஜேலன் ஹேர்ட்ஸும் சூப்பர் பௌலில் மோதியபோது, இரண்டு பக்கமும் கறுப்பினக் குவாட்டர்பேக்குகள், வரலாற்றில் முதல் தடவை எண்டு பெரிசாகப் பேசினார்கள். சூப்பர் பௌலில் முதல் தடவைதான். மினியாபொலிஸில் ஸ்டீவன்ஸும் ஹொலிஸும் அதைச் செய்து அப்ப 62 வருசம் ஆகியிருந்தது.