பூனைக்காலி விதையும் மருந்தாளுநரும்

தொம்மலூர் மருந்துக்கடையில் பார்க்கின்சன் நோயாளிக்கு இன்று எடுத்துத் தரப்படும் லெவோடோபாவுக்குச் சென்னையில் ஒரு முன்கதை உண்டு. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் இராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். இந்நோய்க்கு அது உதவும் என்பதை அன்று எவரும் அறியார். வியன்னாவில் பிர்க்மையரும் ஹார்னிகீவிச்சும் நோயாளிகளுக்கு அதனை ஊசிவழிச் செலுத்திக் கண்ட பயனை வெளியிட்டது 1961-இல்தான்.

விதை இன்னும் வழக்கொழியவில்லை, சிக்கலும் அங்கேதான். நாட்டுமருந்துக் கடைப் பொடியாகவும் நரம்பியல் மருத்துவர் எழுதிய மாத்திரையாகவும் ஒரே பொருள் இருவழியாக ஓருடலுள் சேரலாம். மருத்துவரிடம் பொடியைப் பற்றிச் சொல்லத் தயங்குவோர் உண்டு. இரண்டையும் கேட்டறிந்து மருத்துவருக்குத் தெரிவிக்க வாய்ப்புள்ளவர் மருந்தாளுநரே. லெவோடோபா தரும் குமட்டலுக்கு மெட்டோகுளோப்ரமைடு கேட்டு வருபவரை நிறுத்தவேண்டியவரும் அவரே: அம்மருந்து மூளையில் டோபமைனின் வேலையைத் தடுத்து, நோய்க்குறிகளை மிகுவிக்கும்.