கார் டயர் மாற்றப் போகிறீர்களா? சொகுசு, பிடிப்பு, விலை: எதற்கு முதலிடம் என்பதை எப்படி முடிவு செய்வது?

புதுதில்லி: ஓடும் காரின் டயர் வெடித்து நேரிடும் விபத்தை 'இறைச் செயல்' என்று கூறி இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள முடியாது என மும்பை உயர்நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2010 அக்டோபரில் புணேயிலிருந்து மும்பைக்குச் சென்றுகொண்டிருந்த காரின் பின்சக்கர டயர் வெடித்து, கார் பள்ளத்தில் கவிழ்ந்ததில் 38 வயது நபர் ஒருவர் உயிரிழந்தார். அவருடைய குடும்பத்துக்கு ஏறத்தாழ ரூ.1.25 கோடி வழங்குமாறு வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பிறப்பித்த உத்தரவை எதிர்த்துக் காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்திருந்தது.

அந்த மேல்முறையீட்டை நிராகரித்த நீதிமன்றம், மனிதரின் பொறுப்பு ஏதுமின்றி நிகழும் இயற்கைச் சீற்றமே இறைச் செயல் என்றும், டயர் வெடிப்பு மனித அலட்சியத்தின் விளைவு என்றும் விளக்கியது. மிகை வேகம், குறைந்த அல்லது கூடுதலான காற்றழுத்தம், பழைய டயர், வெப்பம் ஆகியவை வெடிப்புக்குக் காரணங்களாகச் சுட்டிக்காட்டப்பட்டன. புறப்படும் முன் டயரின் நிலையைச் சரிபார்ப்பது காரை ஓட்டுபவரின் கடமை என்பதே தீர்ப்பின் சாரம்.

நாக்பூர்–மும்பை இடையிலான 701 கிலோமீட்டர் நீள சம்ருத்தி விரைவுச்சாலையும் இதே பாடத்தை வேறு விதமாக உணர்த்தியது. 2022 டிசம்பரில் அதன் முதல் பகுதி திறக்கப்பட்டபின், டயர் வெடித்து நேரிட்ட விபத்துகள் கவலையை ஏற்படுத்தின. இதையடுத்து, நுழைவாயில்களிலேயே டயர்களைச் சோதித்து, மொட்டை டயருடன் வந்த வாகனங்களைத் திருப்பி அனுப்பும் நடவடிக்கையில் போக்குவரத்துத் துறையினர் இறங்கினர். கார்களுக்கு மணிக்கு 120 கிலோமீட்டர் வரை அனுமதிக்கப்பட்ட காங்கிரீட் சாலையில், விதர்பாவின் கோடை வெயிலில், மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும்போது நகரச் சாலையில் வெளிப்படாத குறைகள் எல்லாம் வெளிப்பட்டுவிடுகின்றன.

ஆயினும், டயர் கடைக்குச் செல்லும் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி விலையாகவே இருக்கிறது. இரண்டாவது கேள்வி நிறுவனத்தின் பெயர். இவ்விரண்டுக்கும் முன்பாக அறிந்துகொள்ள வேண்டியவை சில உள்ளன.

முதலில் பழைய டயரைப் பாருங்கள்

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, கார் டயரின் வரிப்பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் கொண்டிருக்க வேண்டும். இதைக் கண்டறிய, பள்ளங்களுக்கு நடுவே சிறிய ரப்பர் மேடுகளை உற்பத்தியாளர்களே அமைத்துள்ளனர். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேடுகளுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். இது சட்டம் வகுத்த கடைசி எல்லை மட்டுமே. ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கும்போதே ஈரச் சாலையில் நீரை வெளியேற்றும் திறன் வெகுவாகக் குறையத் தொடங்கிவிடும். பருவமழை தொடங்கும் நேரத்தில் டயர் அந்த நிலையில் இருந்தால், மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருப்பது சரியான சிக்கனம் ஆகாது.

பழைய டயர் தேய்ந்துள்ள விதமும் ஒரு தகவலைச் சொல்கிறது. இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக வைத்து ஓட்டப்பட்டிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. உள் ஓரமோ வெளி ஓரமோ ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் பிசகியிருக்கிறது அல்லது சஸ்பென்ஷன் உதிரிபாகங்கள் தளர்ந்திருக்கின்றன. இக்குறையைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த டயரைப் பொருத்தினாலும் அதுவும் அதே வழியில் விரைவில் தேய்ந்துபோகும்.

பக்கச்சுவரில் கொப்புளம் போன்ற புடைப்பு தென்பட்டால் தேய்மானம் எவ்வளவு என்று பார்க்கவே தேவையில்லை. குழியில் வேகமாக இறங்கிய அதிர்ச்சியில் உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்ததன் அடையாளம் அது. அதற்குப் பழுதுநீக்கம் கிடையாது. பஞ்சர் ஒட்டுவது மேற்பரப்பின் நடுப்பகுதிக்கு மட்டுமே பொருந்தும். பக்கச்சுவர்த் துளைக்குப் பொருந்தாது.

எண்களின் மொழி

பக்கச்சுவரில் 185/65 ஆர்15 88எச் என்று பொறிக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு என்பதைக் குறிக்கிறது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்ற சுமைக் குறியீடு ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும் என்பதையும், எச் என்ற எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதையும் சொல்கின்றன. எஸ் எனில் 180, டி எனில் 190, வி எனில் 240 கிலோமீட்டர்.

நம் நாட்டில் யார் 210 கிலோமீட்டர் வேகத்தில் செல்லப் போகிறார்கள் என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால் இந்த எழுத்து வேகத்தை மட்டும் குறிப்பதன்று. வெப்பத்தைத் தாங்கும் வலிமையும் அதனுள் அடங்கியிருக்கிறது. எனவே, கார் நிறுவனம் பரிந்துரைத்த சுமைக் குறியீட்டுக்கும் வேகக் குறியீட்டுக்கும் கீழே இறங்காமல் வாங்குவது அடிப்படை விதி. உரிய குறியீடு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டகத்தில் உள்ள ஒட்டுவில்லையிலோ உரிமையாளர் கையேட்டிலோ இருக்கும்.

அளவை மாற்ற விரும்புவோர் கவனிக்க வேண்டியது டயரின் மொத்த விட்டம். மாருதி சுசுகி ஸ்விஃப்ட் காரின் தொடக்க வகைகளில் 165/80 ஆர்14 அளவும், உயர் வகைகளில் 185/65 ஆர்15 அளவும் பொருத்தப்படுகின்றன. ரிம் ஓர் அங்குலம் பெரிதானபோதிலும் முதலாவதன் மொத்த விட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர், இரண்டாவதன் விட்டம் ஏறத்தாழ 621.5 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாடுதான். அதே 15 அங்குல ரிம்மில் 195/65 பொருத்தினால் விட்டம் 634.5 மில்லிமீட்டராக உயர்கிறது. இது 2 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். வேகமானி 100 என்று காட்டும்போது கார் உண்மையில் கூடுதலாக 2 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். வேறுபாடு 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு. கார் நிறுவனமே அதே மாடலின் வேறொரு வகைக்குப் பயன்படுத்தும் அளவைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது.

சொகுசும் பிடிப்பும்

டயர் விளம்பரங்களில் எல்லாக் குணங்களும் ஒரே டயரில் இருப்பதாகவே கூறப்படும். நடைமுறையில் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று ஓரளவு குறையும். மென்மையான ரப்பர் கலவை சாலையை நன்றாகப் பற்றும். ஆனால் விரைவில் தேயும். கடினமான கலவை நெடுநாள் உழைக்கும். ஈரத்தில் வழுக்கும் வாய்ப்பு மிகுதி. சிலிக்கா சேர்த்த கலவைகள் இந்த முரணைப் பெருமளவு தணித்துள்ளன. அவற்றின் விலை பொதுவாகக் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொகுசைப் பொறுத்தவரை பக்கச்சுவரின் உயரமே முதன்மையானது. உயரமான சுவர் குழியின் அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும். தாழ்ந்த சுவர் திருப்பங்களில் கட்டுப்பாட்டைத் தரும். ஆனால் குழியில் இறங்கும்போது அதிர்ச்சி முழுவதும் ரிம்முக்கும் பயணிக்கும் செல்லும். நம் நகரச் சாலைகளின் நிலையை எண்ணிப் பார்த்தால், அழகுக்காகப் பெரிய அலாய் சக்கரமும் மெலிந்த டயரும் பொருத்துவது பெரும்பாலானோருக்கு இழப்பான பேரமே. அகலமான டயர் எப்போதும் நல்ல பிடிப்பைத் தரும் என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. உலர்ந்த சாலையில் அது பெரும்பாலும் சரி. தேங்கிய நீரில் அகலமான டயர் எளிதில் மிதக்கத் தொடங்கும். எரிபொருள் செலவும் சற்றுக் கூடும்.

புதிய காருடன் வந்த அதே டயரையே மீண்டும் வாங்க வேண்டுமா என்பதும் அடிக்கடி எழும் ஐயம். கார் நிறுவனங்கள் எரிபொருள் சிக்கனத்துக்கு முன்னுரிமை தந்து, உருளும்போது ஏற்படும் தடை குறைவாக உள்ள டயர்களையே பெரும்பாலும் கேட்டுப் பெறுகின்றன. ஆகவே, அவற்றைவிட அமைதியான அல்லது ஈரச் சாலையில் மேம்பட்ட டயர் அதே அளவில் கிடைக்கக்கூடும். அப்படி மாறுபவர்கள் மைலேஜ் சற்றுக் குறைவதைக் கண்டு வியப்படையத் தேவையில்லை. மின்சாரக் கார் வைத்திருப்போர் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். பேட்டரியின் எடையாலும் உடனடியாகக் கிடைக்கும் முறுக்குவிசையாலும் டயர்கள் விரைவாகத் தேயும். சுமைக் குறியீடும் பெரும்பாலும் உயர்வாக இருக்கும்.

முத்திரைகள் எதைச் சொல்கின்றன?

கார் டயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகும். அத்துடன், ஈரச் சாலைப் பிடிப்பு, உருள் தடை, ஒலி அளவு ஆகியவற்றுக்கான ஏ.ஐ.எஸ்.-142 தரநிலையை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-ஆம் ஆண்டு அறிவிக்கை செய்தது. புதிய வடிவமைப்பு டயர்களுக்கு அது 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திரக் குறியீடும் சில டயர்களில் காணப்படுகிறது. அது எரிபொருள் சேமிப்பைக் குறிப்பது. ஐந்து நட்சத்திரம் பெற்ற டயர் மழையிலும் சிறந்தது என்று அதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது.

விலையை எப்படிக் கணக்கிடுவது?

டயர்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பழைய விலைப்பட்டியலைக் காட்டும் கடைக்காரரிடம் இதை நினைவூட்டுவதில் தவறில்லை.

ஒரு டயரின் விலையைவிட, அது கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவு வைக்கிறது என்பதே பொருத்தமான அளவுகோல். எடுத்துக்காட்டாக, ரூ.5,000 விலையுள்ள டயர் 40,000 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்கு 12.5 காசு ஆகிறது. ரூ.6,500 விலையுள்ளது 55,000 கிலோமீட்டர் உழைத்தால் ஏறத்தாழ 11.8 காசு. விலை கூடியதே இங்கு மலிவானதாகிறது. எனினும், ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கு உதவாது. அவருடைய டயர் தேய்வதற்கு முன்பே முதுமையடைந்துவிடும். அத்தகையோர் நெடுநாள் உழைக்கும் டயருக்குப் பதில் பிடிப்பும் அமைதியும் மிக்க டயரைத் தேர்ந்தெடுப்பதே நன்று.

டயரின் வயதைக் கண்டறிவது எளிது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2325 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரிக்கப்பட்டது என்று பொருள். பொருத்துவதற்கு முன்பு நான்கு டயர்களிலும் இதைப் பார்க்க வேண்டும். பொருத்தியபின் இந்த இலக்கங்கள் காரின் உட்பக்கமாகத் திரும்பியிருக்கவும் கூடும். அப்போது பார்ப்பது கடினம். பயன்பாட்டில் 5 ஆண்டுகளைக் கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்கவும், தயாரித்து 10 ஆண்டுகள் ஆனதை எப்படியிருந்தாலும் மாற்றவும் முன்னணி உற்பத்தியாளர்கள் அறிவுறுத்துகின்றனர். கழற்றிய மொட்டை டயரில் வரிகளைப் புதிதாகச் செதுக்கி மீண்டும் விற்கும் வழக்கமும் சில இடங்களில் உள்ளது. சாலையோரத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் 'நல்ல நிலை' டயர்களை ஐயத்துடனே அணுக வேண்டும்.

இரண்டு மட்டும் மாற்றினால்

நான்கையும் ஒருசேர மாற்ற இயலாதபோது, ஓர் அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிய இரண்டையும் எங்கே பொருத்துவது? முன்சக்கரமே காரை இழுக்கிறது, திருப்புகிறது. ஆகவே முன்னால்தான் என்று பல கடைகளில் கூறுவார்கள். உற்பத்தியாளர்கள் பரிந்துரைப்பது இதற்கு நேர்மாறானது. புதியவை பின்னால் இருக்க வேண்டும். முன்சக்கரம் ஈரத்தில் வழுக்கினால் கார் நேராகச் செல்ல முற்படும்; வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும். பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். சாதாரண ஓட்டுநர் அதை மீட்பது மிகக் கடினம். கடைக்காரர் மறுத்தாலும் இதில் உறுதியாக இருப்பது நல்லது.

பொருத்தும்போது வால்வையும் புதிதாக மாற்றிக்கொள்ளலாம். செலவு மிகக் குறைவு. வீல் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் அப்போதே செய்து, ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்த வேண்டும். நைட்ரஜன் நிரப்பச் சொல்வார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். விரும்பினால் நிரப்பலாம், அதை நம்பி அழுத்தத்தைச் சோதிக்காமல் விட்டுவிடக் கூடாது. காற்றழுத்தத்தைக் காலையில், கார் ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். வெயிலில் ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகத்தான் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவது ஆபத்தான தவறு. குறைந்த காற்றுடன் ஓடும்போது பக்கச்சுவர் மீண்டும் மீண்டும் மடங்கி உள்ளே வெப்பம் சேர்கிறது. நெடுஞ்சாலை வெடிப்புகள் பலவற்றின் தொடக்கம் அதுவே.

புதிய டயரின் மேற்பரப்பில் வார்ப்பு அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும். ஆகவே முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும். அலாய் சக்கரமாயின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை ஒருமுறை இறுக்கிச் சரிபார்க்க வேண்டும்.

பின்பெட்டியில் உள்ள ஸ்டெப்னியையும் அன்றே சோதித்துவிடலாம். காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் பஞ்சர் பழுதுநீக்கும் பெட்டியும் உள்ள கார்களுக்கு உதிரிச் சக்கரம் கட்டாயமில்லை என 2020-இல் விதி திருத்தப்பட்டது. ஆகவே சில புதிய கார்களில் ஸ்டெப்னியே இருக்காது. வேறு சிலவற்றில் அது மற்ற நான்கைவிடச் சிறியது. அதன்மேல் எழுதப்பட்டிருக்கும் வேக வரம்பு, பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டர், அடுத்த பஞ்சர் கடை வரை செல்வதற்கு மட்டுமே உரியது.