"வேண்டாம்னு சொல்லு" மட்டும் போதுமா?

செமஸ்டர் கடைசி, அதான் இந்தப் பக்கம் ரொம்ப நாளா வரல. ஸ்பானிஷ் பேசற குடும்பத்துப் பிள்ளைங்க போதைக்குள்ள போகாம தடுக்க அமெரிக்காவில் என்னென்ன செஞ்சு பார்த்தாங்கன்னு ஒரு அசைன்மெண்ட். ஒப்பேத்திடலாம்னு தான் ஆரம்பிச்சேன், முடியல.

1983ல் லாஸ் ஏஞ்சலஸில் 'டேர்' திட்டம் பிறந்தது. சீருடையோட போலீஸ்காரர் வகுப்புக்கு வந்து பாடம் எடுப்பார். நான்சி ரீகன் "வேண்டாம்னு சொல்லு"ன்னு நாடு முழுக்கப் பிரசாரம் செஞ்ச காலம், திட்டமும் வேகமா பரவிச்சு. 1994ல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசினா, பழக்கத்துல மாற்றம் ரொம்பக் கொஞ்சம்!

மயாமியில் கதை வேற. 1970கள்ல கியூபாவிலிருந்து வந்த குடும்பங்களோட வேலை செஞ்ச ஹோசே சபோச்னிக் குழு ஒண்ணைக் கவனிச்சது. பிள்ளைங்க சீக்கிரமே அமெரிக்கரா மாறிடறாங்க. பயந்துபோன பெத்தவங்க பிடியை இறுக்கறாங்க. பிள்ளைங்க இன்னும் விலகிப் போறாங்க. அதனால பிள்ளைக்கு மட்டும் இல்லாம மொத்தக் குடும்பத்துக்கும் சிகிச்சை. பின்னாடி வந்த 'ஃபமிலியாஸ் உனிடாஸ்' திட்டம் பெத்தவங்களையே நடுவில் வெச்சது.

1990களின் கடைசியில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ். ஃபிளேவியோ மார்சிலியா, மைக்கேல் ஹெக்ட் குழு பிள்ளைங்க கிட்டயே கதை கேட்டது. மெக்சிகோ வழிப் பிள்ளைங்களுக்குப் பல நேரம் நீட்டறது முகம் தெரியாத ஆள் இல்ல, அண்ணன், மாமா பையன் மாதிரி சொந்தக்காரங்க தான். அவங்க மூஞ்சிக்கு நேரா எப்படி "வேண்டாம்"னு சொல்றது? அதனால 'கீப்பின் இட் ரியல்' பாடத்துல நாலு வழி: மறு, காரணம் சொல்லு, தவிர், கிளம்பு. 35 பள்ளிகள், 6,000க்கும் மேல மாணவர்கள். 2003ல் வந்த முடிவுல குடிப்பழக்கம் மத்தவங்களை விடக் குறைவு. வேடிக்கை என்னன்னா, மெக்சிகோ பிள்ளைக்கு மெக்சிகோ பாடம்தான் வேணும்னு இல்ல, கலவையான பாடமும் வேலை செஞ்சது. 2009ல் 'டேர்' அமைப்பே இதை எடுத்துக்கிச்சு. சின்ன வகுப்புகளுக்கான வடிவத்தைச் சரியா சோதிக்கலன்னு 2017ல் விமர்சனம் வந்தது தனிக்கதை.

இதெல்லாம் ஏன் சொல்றேன்? போன மாசம் பெரியம்மா பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன். அவங்க பையனுக்குப் பதிமூணு வயசு. பைக்குள்ள வேப் இருந்துச்சுன்னு ஸ்கூல்ல இருந்து போன். அக்கா தமிழ்ல கத்தறாங்க, அவன் இங்கிலீஷ்ல கத்தறான். "நம்ம பசங்க இதெல்லாம் செய்வாங்களாடா?"ன்னு என்கிட்ட அழுதாங்க. ராத்திரி அவனே மெதுவா சொன்னான், கொடுத்தது குடும்ப நண்பர் வீட்டு அண்ணனாம். "அவர் கிட்ட எப்படி நோ சொல்றது மாமா?"

என்கிட்ட பதில் இல்ல. அக்கா கிட்ட மட்டும், "திட்டாதீங்க, முதல்ல உக்காந்து கேளுங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். உங்க வீடுகள்ல இதைப் பத்திப் பேசறீங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்களேன்.